தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி

அந்தக் காகிதக் கோப்பையை அக்கா இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் வேலை செய்த, கோதுமைப் பாண் சுடும் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறை, ஒரு மே மாத மத்தியானம். நாங்கள் அக்கா என்று கூப்பிட்டவர் எங்கள் பகுதிக்கு சூப்பவைசர். முதல் மூன்று மாதமும் அவரைப் பிலிப்பினோ என்றே நினைத்திருந்தோம். கேட்டபோது சிரித்தார். அமெரிக்காவின் ஐடஹோப் பக்கத்து ஆதிக்குடியான ஷோஷோனி மக்களில் பிறந்தவராம். கலியாணம் கட்டி ரொறன்ரோவுக்கு வந்தவராம்.

முள்ளிவாய்க்காலில் போரின் கடைசி நாட்களில் சனத்தின் உயிரைப் பிடித்து வைத்தது அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த கஞ்சிதான். அதை மறக்காமலிருக்க ஒவ்வொரு மே மாதமும் அதே கஞ்சியைக் காய்ச்சிக் கொடுப்போம். அந்த வருடம் வேலைக்கும் கொண்டுபோனேன். வெளியாளுக்கு வெறுங்கஞ்சியை எப்படி நீட்டுவது என்று தேங்காய்ப்பால் விட்டேன். போதாததற்கு உள்ளியும் வெந்தயமும். எங்களோடு பொதி கட்டும் மன்னார் அண்ணை ஒரு வாய் குடித்துவிட்டு, "பிள்ளை, உது நினைவுநாளோ, பேர்த்டே பார்ட்டியோ? கயூப் பருப்பு மட்டும்தான் குறை" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் வாய்ப்பேச்சில்தான் எனக்கு எழுதவரும். "அங்கை தேங்காய் இருந்ததோ?" என்று கேட்டார்.

"இல்லையக்கா. சில நாள் உப்புமில்லை."

"அப்ப எனக்கு ஏன் வேறை கதை சொல்லுறாய்?"

பிறகு தன் ஆட்களின் கதையைச் சொன்னார். குடியேற வந்தவர்களுக்கும் ஷோஷோனிகளுக்கும் பிணக்கு முற்றியிருந்த காலம். கடும் பனிக்காலத்தில், ஆற்றங்கரையில் அவர்கள் கூடாரம் அடித்திருந்த இடத்துக்கு விடியற்காலையில் அமெரிக்கப் படை வந்தது. ஆண்களின் கையிலிருந்த துப்பாக்கி ரவை தீர்ந்த பிறகும் சூடு நிற்கவில்லை. பெண்களென்றும் குழந்தைகளென்றும் பார்க்கவில்லை. நெடுங்காலம் அங்கே நின்ற நினைவுக்கல் அதைச் சண்டை என்றே சொன்னதாம். நூற்றறுபது வருடத்துச் சங்கதி. ஆனாலும் அக்காவின் பூட்டியைப் பெற்றவள் சிறுமியாய் எந்தப் பற்றைச் செடிக்குக் கீழே, கழுத்தளவு பனித்தண்ணீரில் நின்றாள், வெயில் எந்தக் கன்னத்தில் பட்டது என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்பார்கள் எங்கள் ஆட்கள். இவர்களுடையதில் இன்னும் ஆவி பறந்தது.

"அவளின்ர கையில தம்பிக் குழந்தை," என்றார் அக்கா. "அழுதால் படை கேக்குமெண்டு வாயைப் பொத்தினவள். கையை எடுக்கேக்கை மூச்சில்லை." ஒவ்வொரு ஜனவரியும் குடும்பமாய் அந்தக் கரையில் கூடி, இதையும் விடாமல் சொல்வார்களாம்.

"அதையுமோ அக்கா?"

"அவளின்ர கையை மறைச்சால், அந்தக் கையை அங்கை கொண்டுபோய் வைச்சவன்ர கையும் மறைஞ்சுபோம்."

எனக்கும் ஒரு தம்பி இருந்தான். கஞ்சி வரிசையில் நின்றபோது ஷெல் விழுந்து போனவன். அன்று வரிசைக்குப் போகும் முறை என்னுடையது. தலையிடி என்று சொல்லி அவனை அனுப்பினேன். ஊமை கண்ட கனவாக அதை எனக்குள்ளேயே வைத்திருந்தேன். மகள் கேட்டால், "மாமா சண்டையில செத்தவர்" என்று கதையை முடித்துவிடுவேன். அந்தக் கல்லும் நானும் ஒரே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அக்கா ஓய்வு பெற்று, தன் ஆற்றுப்பக்கமே போய்விட்டார். இந்த மே மாதம் மல்வேர்னிலுள்ள எங்கள் வீட்டில் அரிசி, தண்ணீர், உப்பு மட்டும் போட்டுக் காய்ச்சினேன். பதின்மூன்று வயது மகள் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, இதில ஒரு டேஸ்டும் இல்லை."

"ஓம். அப்பிடித்தான் இருந்தது. இதில இரு, சொல்லுறன்."

வரிசை எந்தப் பக்கம் பார்த்து நின்றது, தம்பி கையில் என்ன சட்டி, திரும்பி நின்று என்னை எப்படிப் பழித்துக் காட்டினான், என் தலையிடி எவ்வளவு சின்னது, எல்லாம் சொன்னேன். முடித்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அவள் தன் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ அம்மா, முதலில இருந்து. தலையிடியையும் விடாமல் சொல்லுங்கோ."