படுக்கையில் இருக்கும் அப்பாவுக்கும் சேர்த்து ஒரு வீடு

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கம் கம்பெனி ஆட்கள் பெருகி, வாடகை எங்கேயோ போய்விட்டது. எங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியான வீடு ஒன்றுதான் கிடைத்தது.

"உங்கப்பா படுத்த படுக்கைன்னு சொல்லிடாத நைனா. ஊட்ல சாவு உழுந்துடும்னு குடுக்க மாட்டாங்க" என்றார் புரோக்கர். நானும் தலையாட்டிவிட்டேன்.

"எத்தினி பேரு?" என்று கேட்டார் வீட்டுக்கார அம்மா.

என் மனைவி முந்திக்கொண்டாள். "நாலு பேரும்மா. மாமனாரு எழுந்துக்க மாட்டாரு. அவர மறைச்சி வச்சிக்கினு நான் எப்டிம்மா வெளக்கேத்தறது?"

அந்த அம்மா புரோக்கரை முறைத்தார். "இன்னாய்யா, எங்கிட்டயே மறைக்கிறியா? எங்க மாமியாரும் இந்த ஊட்லதான் படுத்துக்கினு இருந்தாங்க." பிறகு என் மனைவி கையில் சாவியை வைத்தார். "கட்டிலு உள்ள போவுதா பாரும்மா."

சிறுவாபுரி முருகனிடம் செவ்வாய்தோறும் நான் வீடுதான் கேட்டேன். இவளை நான் கேட்காமலே அவன் கொடுத்திருக்கிறான்.