அரை விரிவுரையில் வளர்ந்த மிளகாய்

எங்கள் பக்கத்தில் ஒரு செயலமர்வு எப்படி நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மிளகாய்க்கு நடந்தது உங்களுக்கு விளங்காது. பத்து மணிக்கு என்றால் பதினொன்றுக்குத்தான் பிரதம விருந்தினரின் வாகனம் வரும். மாலை போட்டு, பாண்ட் வாத்தியம் அடித்து அழைத்து வருவார்கள். மங்கல விளக்கை ஏழெட்டுப் பேர் முறை வைத்து ஏற்றுவார்கள். மின்விசிறி அதை அணைக்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திரும்ப ஏற்றுவார்கள். பிறகு தேவாரம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று போகும். வாழ்த்துரை சொல்பவர்கள் தங்களுக்கு முன் வாழ்த்தியவரையும் சேர்த்து வாழ்த்துவார்கள். இத்தனையும் முடிந்து சாப்பாட்டுப் பார்சல் வந்து சேருவதற்குள் கொஞ்ச நேரம் மிஞ்சும். படித்த மனிதர் வந்து விஷயத்தைச் சொல்வது அந்த நேரத்தில்தான்.

உடையார்கட்டுப் பக்கத்துப் பொதுநோக்கு மண்டபத்தில் காலநிலை பற்றிய செயலமர்வும் அப்படித்தான் நடந்தது. தலைமை என் அத்தான், அக்காவின் கணவர். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவர். தான் போன செயலமர்வு ஒவ்வொன்றிலும் கொடுத்த தொப்பிகளை அலுமாரிக்கு மேல் அடுக்கி வைத்திருப்பவர். நல்ல மனிதர், அதை நான் மறுக்கமாட்டேன். மைக் கைக்கு வந்தால்தான் ஆள் மாறிவிடுவார்.

அன்றைக்கு வந்த விரிவுரையாளர் ஒரு இளம் ஆள். பாவம், இரண்டு மணி நேரம் வியர்த்துக்கொண்டு மேடையில் இருந்தார். எழும்பியதும் அவசரமாகச் சொன்னார்: காற்றில் காபனீரொட்சைட்டு, அதாவது கரியமில வாயு, வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டு போகிறது. செடிகளுக்குள்ளும் வைரசை எதிர்க்கிற ஒரு காவல் இருக்கிறது. காபனீரொட்சைட்டு கூடிய காற்றில் தக்காளியை வளர்த்துப் பார்த்தால், வைரசுக்கு எதிரான அந்தக் காவல் பலப்படுவதைக் காணலாம்.

"ஆனா," என்று சொல்லி அடுத்த படத்தைத் திரையில் போட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பார்சல் ஏற்றிய ஓட்டோ வாசலில் வந்து நின்றது. சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தான் எழும்பி மைக்கை வாங்கி, நேரத்தின் அருமை கருதி என்று தொடங்கி, நேரத்தின் அருமையைப் பற்றியே நெடுநேரம் பேசினார். பிறகு நன்றியுரை. கடைசியில் எல்லோருக்கும் ஒரு தொப்பி.

இனி என் காணிக் கதை. யுத்தத்துக்குப் பிறகு கன காலம் எங்களை உள்ளே போகவிடாமல் வைத்திருந்து, போன வருடம்தான் விட்ட காணி அது. விடும்போதே வன அதிகாரிகள் ஒரு எச்சரிக்கையும் தந்தார்கள்: பயிர் செய்யாமல் கிடந்தால் காடு என்று எழுதி எல்லைக்கல் நாட்டிவிடுவார்கள். எங்களைப் போகவிடாமல் வைத்திருந்த காலத்தில் அதில் ஏன் புதரும் பற்றையும் வளர்ந்தது என்று எங்களிடமே கேட்டவர்கள் அவர்கள். வீட்டுக்காரர் மேசன் வேலைக்கு வவுனியாவுக்குப் போய்விட்டார். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, மிளகாய் நட்டது நான். மாத முடிவில் பார்க்க வருவோம் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் வரும் நாளில் என் காணியில் பயிர் நிற்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அத்தானின் தோட்டம் எனக்குப் பக்கத்து வேலி. அங்கேதான் முதலில் சில மிளகாய்க் கண்டுகளின் குருத்து சுருண்டது. இலை கிண்ணம் போலக் கவிழ்ந்து, செடி குறுகி நின்றது. கண்டை உலுப்பினால் மாப்போல வெண்ஈ பறந்தது. அந்த ஈதான் வைரசைக் காவிக்கொண்டு திரிவது, இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கண்ட உடனே பிடுங்கி எரித்துவிட வேண்டும். ஆனால் அக்காவின் கணவரின் தோட்டத்துக்குள் இறங்கி அவருடைய கண்டைப் பிடுங்க எனக்கு உரிமை கிடையாது. வேலிக்கு இங்காலே நின்று கேட்கத்தான் முடியும்.

"அத்தான், அந்த நாலைஞ்சு கண்டையும் பிடுங்கிவிடுங்கோவன். என்ர பக்கம் வரப்போகுது."

"பிடுங்கிறதோ? என்ன கதை கதைக்கிறீர் பிள்ளை? நீரும் அண்டைக்கு அங்க இருந்தனீர்தானே. இப்பத்தைக் காத்தில கண்டு தானாவே வைரசோட சண்டை பிடிக்கும் எண்டு அந்தப் பெடியன் சொன்னவனோ இல்லையோ?"

"அவர் ஆனா எண்டு ஏதோ சொல்ல வெளிக்கிட்டவர். நீங்கள்தான் மைக்கை வாங்கினனீங்கள்."

"வாங்காட்டில் சாப்பாடு ஆறிப்போயிருக்கும்," என்றார் அத்தான்.

சரி, பிடுங்காமல் சும்மாவாவது இருந்தாரா? அதுவும் இல்லை. காற்றில் இருக்கிற காபன் போதாது என்று அவருக்கே தோன்றிவிட்டது. பின்னேரங்களில் தோட்டத்து மூலையில் வைக்கோலைக் குவித்துப் புகை போட்டார். அது காணாதென்று இரு சக்கர உழவு மெசினான லான்ட்மாஸ்டரைக் கொண்டுவந்து வரம்போடு நிறுத்தி, புகைக்குழாயை மிளகாய்ப் பக்கம் திருப்பி, எஞ்சினை ஓடவிட்டுவிட்டுக் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்தார். உழாத லான்ட்மாஸ்டர் ஏன் இரைகிறது என்று பார்க்க ரோட்டால் போன சனமெல்லாம் சைக்கிளை விட்டு இறங்கியது.

"விஞ்ஞானமாம்," என்றா அக்கா, கொடியில் கிடந்த உடுப்புகளை அள்ளிக்கொண்டு. "என்ர சீலையெல்லாம் குசினி அடுப்புப் புகை மணக்குது. இந்த மனிசன் பள்ளிக்கூடத்தில என்னத்தைப் படிப்பிச்சதோ தெரியாது."

நான் அப்போது சிரித்தேன். அடுத்த கிழமை என் வேலியோர வரிசையில் குருத்து சுருண்டபோது சிரிப்பு நின்றுபோனது.

உண்மையைச் சொன்னால் எனக்கும் பிடுங்க மனம் வரவில்லை. பிடுங்கினால் அந்த இடம் வெறும் மண்ணாய்க் கிடக்கும். பார்க்க வருகிறவர்களுக்கு வெறும் மண் என்றால் கல் நாட்டுகிற இடம். சுருண்ட செடியும் பச்சைதானே, காய்க்காவிட்டாலும் பச்சையாய் நிற்குமே என்று ஒரு மனம் சொன்னது. அந்தப் பெடியன் சொன்னது என் மிளகாய்க்கும் பொருந்திவிட்டால் என்ன என்றும் நப்பாசை. அத்தானைப் பகிடி பண்ணிய வாயால் நானும் அதே கதையைத்தான் எனக்குள்ளே கதைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எனக்கே விசர் பிடித்து, செயலமர்வு ஒழுங்கு செய்தவர்களிடம் விரிவுரையாளரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கி அழைத்தேன்.

"தம்பி, ஆனா எண்டு சொன்னனீங்கள். அதுக்குப் பிறகு என்ன?"

அவர் சிரித்தார்.

"அக்கா, இவ்வளவு காலத்தில மிச்சத்தைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்," என்றார்.

மிச்சம் இதுதான். காபனீரொட்சைட்டு கூடினால் செடி வைரசுப் பக்கத்துக் காவலைக் கூட்டும்போது பூச்சிப் பக்கத்துக் காவலைக் குறைத்துவிடக்கூடும். முன்வாசலுக்கு ஆளை அனுப்பிவிட்டுப் பின்வாசலைத் திறந்துவிடுவது மாதிரி. இலையில் சத்தும் குறையும், ஆகையால் பூச்சி வயிறு நிறைய இன்னும் கூட உறிஞ்சும். அதோடு, தக்காளியில் கண்டது மிளகாயில் அப்படியே நடக்கும் என்று ஒருவரும் உறுதி சொல்லவில்லை. வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் கணக்கே வேறு.

"பத்தாததுக்கு அத்தான் லான்ட்மாஸ்டர் புகையும் அடிக்கிறார்," என்றேன்.

"அவரை நிப்பாட்டச் சொல்லுங்கோ. காத்தில கூடுற காபன் வேற, எஞ்சின் புகை வேற. நீங்கள் சுருண்டதைப் பிடுங்கி எரியுங்கோ. பிடுங்கின இடத்திலயும் வேலியோரமும் சோளம் போடுங்கோ. வெண்ஈ வாறதைக் கொஞ்சம் மறிக்கும்."

அதற்குள் நோய் பாதித் தோட்டத்துக்குப் பரவியிருந்தது. பிடுங்கினேன். அந்தக் கண்டுகளை நானே கையால் நட்டு, வாளியால் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள். ஒவ்வொன்றாய் இழுத்தபோது அழுகை வந்தது, அழுதேன். எரித்த சாம்பல் திட்டுத் திட்டாய்க் கிடந்தது. ஊன்றிய சோளம் முளை விட்டதோடு நின்றிருந்தபோது மாத முடிவும் வந்துவிட்டது.

வாகனம் வந்து ரோட்டில் நின்றது. கண்ணாடி ஏற்றியபடி, உள்ளே குளிராக்கி. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. என் மிளகாய்க்கு அத்தான் தராத காபனை அன்றைக்கு அரசாங்கம் தந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஒரு சாண் இறங்கியது. உள்ளே இருந்தவர் முதலில் அத்தானின் தோட்டத்தைப் பார்த்தார். ஒரு காய் இல்லை, ஒவ்வொரு இலையும் சுருண்டிருக்கிறது, ஆனால் ரோட்டிலிருந்து பார்த்தால் பச்சைப் பசேல்.

"நல்ல செய்கை," என்றார். பிறகு என் பக்கம் பார்த்தார். "இதில பாதி வெறும் நிலமாக் கிடக்கே. பயிர் எங்க?"

சோளம் முளைத்திருக்கிறது என்று சொல்லவேண்டும், கிட்ட வந்து பாருங்கள் என்று சொல்லவேண்டும். அதற்குள் அவர் ஏதோ எழுதத் தொடங்கினார்.

அத்தான் வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். தலையில் தொப்பி. வரவேற்புரை தொடங்கப் போகிறார், என் காணி முடிந்தது என்று நினைத்தேன்.

"எழுதிறதை நிப்பாட்டுங்கோ," என்றார். "அந்தப் பச்சையில ஒரு காய் இல்லை, முழுக்க வைரசு வருத்தம். பிடுங்கச் சொல்லி இவா கேட்டவா, நான் விடேல்லை. என்ர தோட்டத்தாலதான் இவாக்குப் பரவினது. இவா தன்ரையைப் பிடுங்கி எரிச்சுப்போட்டுச் சோளம் ஊண்டியிருக்கிறா. இது காடில்லை, தோட்டம். எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு இறங்கி வந்து பாருங்கோ."

எஞ்சின் நின்றது. அதிகாரி இறங்கினார். குனிந்து, சாம்பல் திட்டுகளுக்கு நடுவே நின்ற சோள முளைகளைப் பார்த்தார். முன்பு எழுதியதை வெட்டிவிட்டு வேறு எழுதினார். கல் வரவில்லை.

அத்தான் என்னை அதுவரை நீர் என்றும் பிள்ளை என்றும்தான் சொல்லியிருக்கிறார். வெளியாருக்கு முன்னால் மரியாதையாக இவா என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். அவர் பேசிய பேச்சுகளில் ஆகச் சிறியதும் அதுதான்.

அடுத்த நாள் காலை வேலிக்கு அங்காலே புகை எழும்பியது. திரும்பவும் தொடங்கிவிட்டார் என்று எனக்குக் கோபம் வந்து எட்டிப் பார்த்தேன். அத்தான் சுருண்ட கண்டுகளை வரிசையாகப் பிடுங்கி நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தில் முக்கால்வாசி போய்விட்டது. அக்கா பிளேன்ரீக் கோப்பையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றா.

அத்தான் என்னைக் கண்டு நிமிர்ந்தார். முகமெல்லாம் கரி.

"அந்தத் தம்பி ஆனா எண்டு சொன்னவர்," என்றார். "அதுக்குப் பிறகு என்ன பிள்ளை சொன்னவர்?"

வேலியைப் பிடித்துக்கொண்டு முன்வாசலிலிருந்து பின்வாசல் வரைக்கும் சொன்னேன். அத்தான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.