புன்னக்காயல் கரையில் ஒரு வெள்ளைத் துண்டு

காலை 7.25. பாளையங்கோட்டையில் திருச்செந்தூர் ரயில் ஏறினேன். காயல்பட்டினத்துக்கு டிக்கெட் பதினைந்து ரூபாய். பையில் எடுத்துக்கொண்டவை: அளவு நாடா, பூதக்கண்ணாடி, சிறு காந்தம், டார்ச், கைக்குட்டை இரண்டு.

நான் சென்னையில் விமானப் பராமரிப்புப் பொறியாளர். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சுலைஹா போன் செய்தாள். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறைத்தோழி. அவள் கணவர் கபீர் ஏறிப்போன விமானம் கடலுக்கு மேல் காணாமல் போய் இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. புன்னக்காயலில் ஒரு மீனவரின் வலையில் வெள்ளையாக ஏதோ வந்திருக்கிறது, விமானத்தின் றெக்கை என்கிறார்கள், அதிகாரிகள் வந்து பார்க்க நாளாகும் என்றாள்.

"நீ போய்ப் பாத்துச் சொல்லு. நீ சொன்னா நம்புவேன்."

செய்துங்கநல்லூர் வரை பெட்டியில் வாழைத்தார் விலை பேசினார்கள். பிறகு யாரோ செய்தித்தாளைப் பிரிக்க, பேச்சு விமானத்துக்குப் போனது. ஏதோ தீவில் இறக்கி மறைத்து வைத்திருக்கிறார்கள் என்றார் ஒருவர். பைலட்டுக்கு வீட்டில் மனக்கஷ்டம் என்றார் எதிரே இருந்தவர், அடுத்த தெருக்காரரைச் சொல்வது போல. தொலைந்த செல்போனையே கண்டுபிடிக்கிற காலத்தில் அவ்வளவு பெரிய விமானம் எப்படித் தொலையும் என்று ஓர் அம்மா கேட்டார்.

"போன வருசம் பஸ் ஸ்டாண்டுல எம் பைக்கு காணாமப் போச்சு. அதையே இன்னும் தேடுதாவ. கடல்ல எங்கன போய்த் தேட வே?" என்றார் வாழை வியாபாரி ஒருவர். பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் வியாபாரிகள் இறங்கினார்கள். அந்த அம்மாவின் மகன் அடுத்த வாரம் தோகாவுக்குப் போகிறானாம். என் வேலையைச் சொன்னதும், அனுப்பலாமா என்று கேட்டார். அனுப்பலாம் என்றேன். பழுதுபார்க்கும் இடத்தில் ஒரு ஸ்பானர் எண்ணிக்கையில் குறைந்தாலும், அது கிடைக்கும்வரை விமானத்தை வெளியே விட மாட்டோம் என்று விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நாசரேத்தில் இறங்கும்போதுதான் திரும்பினார்.

"ஸ்பானரத் தேடி எடுத்துருவிய, சரி. பிளேன?"



8.45. காயல்பட்டினத்திலிருந்து ஆத்தூர் வழியாகப் புன்னக்காயல் சுமார் பதினைந்து கிலோமீட்டர். ஆட்டோ, காத்திருந்து திரும்ப ஐந்நூறு ரூபாய். வழியெல்லாம் உப்பளம், வெயில் ஏறுவதற்குள் கண் கூசியது.

அந்தத் துண்டு, வலைக் கொட்டகை ஓரம் தார்ப்பாயின் மேல் கிடந்தது. தலைமாட்டில் மெழுகுதிரிகள் எரிந்தன. யாரோ செவ்வந்திப் பூவும் வைத்திருந்தார்கள். வலையில் எடுத்த அந்தோணி அண்ணாச்சி, நான் அளவு நாடாவை எடுத்ததும் கையமர்த்தினார்.

"ஒரு நிமிசம் நில்லும்மா." சிலுவை போட்டுக்கொண்டார். "யாரு பெத்த பிள்ளையளோ. கடல்ல போனவுகள வெறுங்கையா விடப்பிடாது."

நீளம் 162 சென்டிமீட்டர். அகலம் 70. ஒரு பக்கம் விமான இறக்கையின் முன்விளிம்பு போலவே வளைந்திருந்தது. அந்த வளைவின் மேல் ஒரு முறை கையை ஓட்டினேன். பிறகு வரிசையாகப் பார்த்தேன். தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளோ அவற்றுக்கான துளைகளோ இல்லை. எண் பொறித்த தகடு இல்லை. எங்குமே உலோகம் இல்லை. உடைந்த விளிம்பில் கண்ணாடி இழை, அதற்குள்ளே கனமில்லாத மரம். விமான இறக்கையில் மரம் வராது. இது காற்றாலை றெக்கையின் துண்டு. அந்த றெக்கைகளைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேற்றுகிறார்கள். எப்படிக் கடலில் விழுந்ததோ தெரியாது.

அண்ணாச்சியிடம் சொன்னேன். 

"காத்தாடியா? அப்போ திரிய அணைச்சிரவா?"

"எரியட்டும் அண்ணாச்சி."

11.20. காயல்பட்டினத்தில் சுலைஹாவின் வீட்டில் தெருப்பக்கத்து அறையைக் கழுவிவிட்டிருந்தார்கள். கட்டிலில் நான்கு வெள்ளைச் சேலைகள். கணவரை இழந்தவர்கள் இத்தா இருக்க வேண்டும்: நான்கு மாதம் பத்து நாள், வீட்டுக்குள்ளேயே. ஆனால் மரணம் உறுதியாகாமல் இத்தா தொடங்காது என்று பள்ளிவாசல் ஆலிம் சொல்லிவிட்டார். இருபத்தாறு நாளாகச் சுலைஹா மனைவியா விதவையா என்று அவளுக்கே தெரியவில்லை. வருகிறவர்களுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஆட்டோவில் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். விமானத் துண்டுதான் என்று பொய்யாக ஆமாம் சொன்னால் அவளுக்கு எண்ணுவதற்கு இத்தா நாட்கள் இருக்கும். அவை ஒருநாள் முடியும்.

சுலைஹாவின் மாமி, கபீரின் உம்மா, மூலையில் உட்கார்ந்திருந்தார். இருவரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"அது இல்ல. காத்தாடித் துண்டு" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று மாமி இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். "எம் புள்ள இருக்கான். வந்துருவான்."

சுலைஹா எழுந்தாள். வெள்ளைச் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். அடுக்கு சாய்ந்தது, மறுபடி எடுத்து அடுக்கினாள். பிறகு மாமிக்குச் சோறு போட்டாள். இத்தனை நாளில் அன்றுதான் முதன்முறையாக மாமி மறுசோறு கேட்டு வாங்கினாராம்.

ஸ்டேஷனுக்கு அவளும் வந்தாள். பிளாட்பாரத்தில் எங்களைத் தவிர நான்கு பேர்.

"நீ ஆமான்னு சொல்லிருவியோன்னு நெனச்சேன்" என்றாள்.

"நானும் நெனச்சேன்."

"சொல்லிருந்தா ஒன்ன ஏத்திவிட இங்கன வந்திருக்க முடியாது. அறைக்குள்ள இருந்திருப்பேன்." சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டாள். "அங்கன இருந்து அழுதிருப்பேன்டீ. இப்ப எதுக்குன்னு சொல்லி அழ?"

நான் கைக்குட்டையைக் கொடுத்தேன். அவள் கண்ணைத் துடைக்கவில்லை. மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ரயில் நகர்ந்தபோது ஜன்னலோடு நடந்து வந்து கேட்டாள்: "இன்னும் ஏதாச்சும் ஒதுங்குச்சுன்னா வருவியா?"

"வாரேன்."

வீட்டுக்கு வந்ததும், வேலை முடிந்தால் செய்வது போலப் பையைக் கொட்டி எண்ணினேன். அளவு நாடா, பூதக்கண்ணாடி, காந்தம், டார்ச் இருந்தன. கைக்குட்டை ஒன்று குறைந்தது. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.