டபுளா, ஃபேமிலியா?

“மெத்தை பத்தலப்பா. கட்டில்ல ஒரு அடி சும்மா கெடக்குது. சின்னவ உருண்டு அந்தப் பள்ளத்துல மாட்டிக்கினு ஒரே அழுவ.”

ஞாயிற்றுக்கிழமை. கடை ஷட்டரை முழுசாகத் தூக்கவில்லை, அதற்குள் இந்த போன். பேசியது மேகலா அக்கா. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவர். முந்தின நாள்தான் என்னிடம் மெத்தை வாங்கிப் போனார்.

செஞ்சியில் ஒரு ஃபர்னிச்சர் கடையில் நான் சேல்ஸ். “பிபிஏ படிச்சிட்டு கட்டில் விக்கிறியாடி?” என்று ஓட்டிய கிளாஸ்மேட்டுகள் இப்போது கல்யாணம் ஆகி, “டிஸ்கவுண்ட் போடுடி” என்று என்னிடமே வருகிறார்கள். அது கிடக்கட்டும். கடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. பேர்

எங்கள் கடையில் நாலடி அகலக் கட்டிலுக்கு டபுள் காட் என்று பேர். ஐந்தடி என்றால் ஃபேமிலி காட். கம்பெனிக்காரன் அதைக் குயின் என்பான். அந்த ராணியை இங்கே யாருக்கும் தெரியாது.

மேகலா அக்கா வீட்டில் இருந்தது ஐந்தடிக் கட்டில். கல்யாணச் சீர். புருஷனை விட்டு இரண்டு பெண்களோடு தனியாக வந்தபோது, போலீஸ் ஸ்டேஷன் வரை போய்த்தான் அதைத் திரும்ப வாங்கினார். கொடுத்தவர்களும் சும்மா கொடுக்கவில்லை. ஹெட்போர்டையும் ஃபுட்போர்டையும் மட்டும் அனுப்பிவிட்டு, சைடு சட்டத்தையும் பலகையையும் வைத்துக்கொண்டார்கள். முன்னும் பின்னும் இருக்கிறது, நடுவில் கட்டில் இல்லை. நான் லீவில் இருந்த நாளில் எங்கள் ஃபிட்டர் குமார் அண்ணன் போய் புதுச் சட்டமும் ப்ளைவுட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு அது தெரியாது. மெத்தைக்கு வந்தபோது வழக்கம்போலக் கேட்டேன்.

“டபுளா, ஃபேமிலியாக்கா?”

“ஃபேமிலிலாம் கெடையாதுப்பா. நானும் ரெண்டு பொண்ணுங்களும்தான். டபுளே குடு.”

நான் அளவைக் கேட்டேன். அவர் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிட்டார். சுருட்டிக் கட்டிய நாலடி மெத்தை ஆட்டோவில் ஏறிப் போய்விட்டது.

“சாயங்காலம் தொண்டூர்லருந்து எங்கண்ணன் வராருப்பா,” என்றார் போனில். “வீடு நேரா இல்லன்னா பசங்கள அழச்சிக்கினு போயி, அவங்கப்பன் வீட்லயே சமாதானம் பேசி உட்டுடுவேன்னு சொல்லிக்கிறாரு. இந்த வீட்ல பெரிய சாமான்னு இருக்கிறதே அந்தக் கட்டிலு ஒண்ணுதான்.”

“வரட்டும்கா. அதுக்குள்ள கட்டில் ரெடியா இருக்கும்.”

எப்படி என்று எனக்கே தெரியாது. சொல்லிவிட்டேன்.

2. முதலாளி

“கவர் பிரிச்சிட்டாங்களா?”

“பிரிக்காம எப்டி சார் படுப்பாங்க?”

“பிரிச்சா ரிட்டன் இல்ல. ஒரு அடிக்கு ஃபோம் வெட்டி சொருவி உடு பாப்பா.”

“மூணு பேரு படுக்கிறாங்க சார். ஓரத்துல படுக்கிறவ ஜாயிண்ட் மேலதான் படுப்பா. ரெண்டு நாள்ல பொளந்துக்கும்.”

“அப்ப ஹெட்போர்ட நாலடிக்கு அறுத்துடச் சொல்லு.”

“ஸ்டேஷன் ஏறி வாங்கினத அறுக்கச் சொன்னா, அவங்க என்னிய அறுத்துடுவாங்க.”

“அப்ப இன்னாதான் பண்ணணும்ங்கிற? நீ மொதலாளியா, நான் மொதலாளியா?”

“நீங்கதான். அதனால வாங்க, அந்த டிஸ்ப்ளே டபுள் காட்ல ஒரு நிமிஷம் உக்காருங்க.”

முறைத்தபடி போய் உட்கார்ந்தார். வருகிற கஸ்டமர் எல்லாம் உட்கார்ந்து பார்த்து, நடுவில் ஏரி மாதிரி ஆகிவிட்ட மெத்தை. எழுந்திருக்க என் கையைப் பிடித்தார்.

“இதுல உக்காந்து பாத்துட்டுதான் சார் பாதிப் பேரு வேற கடைக்குப் போறாங்க. டிஸ்ப்ளேக்கு எப்டியும் கவர் பிரிச்ச மெத்தைதான் போடணும். அக்காவோடது ஒரு நாள் படுத்தது. அத இங்க போடுங்க, அவங்களுக்கு ஃபேமிலி குடுங்க.”

அந்தப் பள்ளத்தைக் கையால் ஒரு தட்டு தட்டினார்.

“வாயி இருக்குது உனக்கு. எடுத்துனு போ. அளவுல இன்னொரு தபா சொதப்புன, உன்னியே அதுல படுக்க வச்சிடுவேன்.”

3. மூன்று அங்குலம்

இதோடு முடிந்தது என்று நினைத்தால், கடையில் இருந்த ஒரே ஃபேமிலி மெத்தை ஆறரை அடி நீளம். குமார் அண்ணன் போட்டிருந்த சட்டம் ஆறேகால்.

“மூணு அங்குலந்தான? அமுக்கி உள்ள தள்ளிடலாம்,” என்றார்.

“மெத்தைண்ணே அது, புரோட்டா மாவு இல்ல. ரெண்டு பக்கமும் முட்டி நடுவுல மேடு ஆயிடும்.”

இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். ஹெட்போர்டு சொல்வது அகலத்தை. சைடு சட்டம் சொல்வது நீளத்தை. ஹெட்போர்டை மாற்ற முடியாவிட்டால் அகலத்தில் கை வைக்காதீர்கள். நீளம் நம் கையில்தான் இருக்கிறது, சட்டத்தை மாற்றலாம்.

“போட்ட கட்டில மறுபடி பிரிக்கச் சொல்ற. அதுவும் ஞாயித்துக்கெழம.”

“பிரியாணி என் செலவுண்ணே.”

“ரெண்டு முட்டை வச்சி சொல்லு.”

கோட்டைக்குப் போகிற ரோட்டில், மாடியில் மேகலா அக்கா வீடு. ஒரு ஆள் மட்டும் போகிற படி. கடையிலிருந்து கொண்டுபோன ஆறரை அடிச் சட்டங்கள் வளைவில் திரும்பவில்லை. கயிறு கட்டி வெளிப்பக்கமாகத் தூக்கினோம். ஹெட்போர்டில் இருந்த பழைய துளைக்குச் சட்டத்தின் கொக்கி சேரவில்லை. குமார் அண்ணன் கொக்கியைக் கழற்றி ஒரு விரல்கடை இறக்கி அடித்தார். நீளம் கூடியதால் ப்ளைவுட் கால்மாட்டில் மூன்று அங்குலம் குறைந்தது. அந்த இடைவெளியில் ஒரு ரீப்பர் கட்டை வைத்து ஆணி அடித்தோம். மெத்தையை இறக்கினோம். நாலு பக்கமும் என் விரல் நுழைகிற அளவுதான் இடம்.

கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம். மேகலா அக்காவின் அண்ணன். கையில் பெரிய காலிப் பை. பிள்ளைகள் துணிக்குத்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

நேராகப் போய் ஹெட்போர்டைப் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. மெத்தையை ஓரத்தில் அமுக்கினார்.

“தலைமாடு எந்தப் பக்கம்?”

“தெக்குண்ணே,” என்றார் மேகலா அக்கா.

“மாமா, மாமா, நான் சுவர் ஓரம், அக்கா நடுவுல, அம்மா இந்தப் பக்கம்!” என்று சின்னவள் மேலே ஏறிப் படுத்துக் காட்டினாள். பெரியவள் அவளைத் தள்ளிவிட்டு நடுவில் விழுந்தாள். இரண்டு பேருக்கும் போக இன்னும் இடம் இருந்தது.

அவர் அந்த இடத்தையும் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். பிறகு பையை நாலாக மடித்து அலமாரி மேல் வைத்தார்.

“பாய் இருந்தா எடுத்துப் போடு மேகலா. நான் கீழ படுத்துக்கிறேன். காலையில மொத பஸ்ஸுக்குப் போவணும், வயல்ல வேல கெடக்குது.”

குமார் அண்ணன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, வா என்று எனக்குக் கண் காட்டினார். சத்தமில்லாமல் இறங்கினோம்.

மறுநாளிலிருந்து எங்கள் கடையில் டபுள், ஃபேமிலி என்று யாரும் கேட்பதில்லை. கேட்க விட மாட்டேன். ஹெட்போர்டு இருக்கிறதா, டேப் வைத்து உள்ளளவு எடுத்தீர்களா, சட்டம் எவ்வளவு நீளம், இவ்வளவுதான் கேள்வி. கடைசியாக, எத்தனை பேர் படுப்பீர்கள் என்று கேளுங்கள். யார் யார் என்பது மெத்தைக்குத் தேவையில்லை.