பன்னிரண்டு டம்ளர் மழை

எங்கள் ஊரில் மழை பெய்ததா இல்லையா என்பதை, ஏழு மைல் தள்ளித் தாலுகா ஆபீஸ் வளாகத்தில் நின்ற மழைமானிதான் முடிவு செய்யும். அந்த வருடம் கடலை பூத்த மாதத்தில் நல்ல மழை என்று அது சொல்லிவிட்டது. எங்கள் வயலில் செடி கருகிக் கிடந்தது. செடிக்கு விதிமுறை தெரியாது.

பயிர்ச் சேத அறிக்கையில் மழையளவு என்று ஒரு கட்டம் உண்டு. அதில் மானி சொன்னதை எழுதினால் எங்களுக்கு வறட்சி இல்லை. வறட்சி இல்லையென்றால் அரசாங்க விதைக்கடலை இல்லை. வீட்டிலோ விதைக்க ஒரு படி கூட மிச்சமில்லை.

“ஒங்க ஆபீஸ்ல பெஞ்சது இங்கிட்டு வரலைங்க” என்றார் அப்பா.

“மழை என்ன ஆள் பாத்தா பெய்யுது? திங்கக்கெழம வந்து எழுதுறேன்” என்று, சேதம் பார்க்க வந்த வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ., சைக்கிளில் ஏறிவிட்டார்.

எனக்குப் பதினொரு வயது. மழை ஆள் பார்த்துத்தான் பெய்கிறது என்று நிரூபித்தே தீருவதாக முடிவெடுத்தேன். சித்தியின் சீர்வரிசையில் வந்த, பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர்கள் பன்னிரண்டும் ஒரே அளவு. அவற்றைப் பத்தடிக்கு ஒன்றாக வயலில் கழுத்தளவு புதைத்தேன். சித்தியிடம் அனுமதி பெறும் நடைமுறையை மட்டும் விட்டுவிட்டேன்.

“என்னாத்தா, டம்ளர வெதச்சிருக்கே? அண்டா மொளைக்குமா?” என்றார் சித்தப்பா.

ஞாயிறு மதியம் அன்னவாசல் பக்கமிருந்து மழை இறங்கியது. உரச்சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு வரப்பை விட்டு நகராமல் பார்த்தேன். பாடப்புத்தகப் படத்தில் மழை கோடு போட்ட நோட்டு மாதிரி இருக்கும். நேரில் அப்படியில்லை. ஓரிடத்தில் கைப்பிடித் துளிகளாகக் கொட்டும். பக்கத்து முழத்தில் ஒன்றுமிருக்காது. பத்து எண்ணுவதற்குள் அந்த முழத்துக்கு மாறிவிடும். மழை விட்டதும் டம்ளர்களை ஓட்டுச் சில்லால் மூடினேன். மேற்கு மூலையில் நான்கு விரற்கடை, ஓடைப் பக்கம் ஒன்றரை. இரண்டு டம்ளர் கூட ஒத்துப்போகவில்லை.

மறுநாள் ஆர்.ஐ. பன்னிரண்டிலும் குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். “ஒரு வயலுக்குள்ளயே இம்புட்டு வித்தியாசமா?” என்றவர் நிமிர்ந்தார். “சரி, எந்த டம்ளர எழுதட்டும் பாப்பா?”

ஒரு டம்ளர் ஒரு வயலுக்கே சாட்சி சொல்லாது என்பதை நானே நிரூபித்திருந்தேன். அப்பா தரையைப் பார்த்தார்.

ஆர்.ஐ. வரப்பில் உட்கார்ந்து சர்வே எண், பயிர் எல்லாம் எழுதினார். சேதம்: முழுவதும். கையெழுத்துப் போட்டார். எட்டிப் பார்த்தேன்.

“சார், மழைக் கட்டத்த விட்டுட்டீங்க.”

“தெரியும் பாப்பா” என்று பேனாவை மூடினார்.

விதைக்கடலை வந்தது. ஒரு படிவத்தைக்கூட முழுதாக நிரப்பத் தெரியாத அதிகாரி என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அடுத்த மாதம் வேறு ஆர்.ஐ. வந்தார். பழையவர் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு கட்டம் காலியாக இருந்தால் மேலிருந்து என்ன வரும் என்பது, அதே வேலையில் நான் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. முப்பத்தொரு வருட சர்வீஸில் நான் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை.