விஸ்கி காபியும் என் மாலையும்

அடையாறில் மகனுடைய சிநேகிதன் வீட்டுச் சமையலறை வாசலில் நிற்கிறேன். மேடையில் விஸ்கி பாட்டில் இருக்கிறது. சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன், அதனால் உள்ளே போகவில்லை. அயர்லாந்தில் வேலை பார்க்கும் மகனுக்கு இன்று சாயங்காலம் விமானம். அவனைப் பார்க்கத்தான் அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்தேன்.

மகன் சூடான காபியில் சர்க்கரையும் விஸ்கியும் கலந்து, ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் க்ரீமை மெல்ல வழிய விடுகிறான். வெள்ளை கலங்காமல் மேலேயே நிற்கிறது.

"இன்னா மச்சி, சாமி நின்னுக்கினு கீறாரு. பாட்டிலை உள்ள வை," என்கிறான் சிநேகிதன்.

"சாமிக்குப் புது டம்ளர், புது ஸ்பூன்டா. இப்பதான் வாங்கிட்டு வந்தேன்," என்று மகன் எனக்கு விஸ்கி இல்லாமல் ஒன்று போடுகிறான்.

மாலை போட்டவரை அவர் பெற்ற பிள்ளையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். நானும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஐயப்பன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் எப்போதோ வருகிற பிள்ளை வாயால் ஒரு தடவை அப்பா என்று கேட்க மனசு கிடந்து தவிக்கிறது.

"தாடியில க்ரீம், சாமி." தன் கைக்குட்டையால் அவனே துடைத்துவிடுகிறான்.

கீழே டாக்ஸி வந்துவிட்டது. மகன் என் காலில் விழுகிறான்.

"போய்ட்டு வரேன் சாமி."

"பத்திரமா போய்ட்டு வா சாமி," என்கிறேன். அவன் பெயரை நானும் சொல்லவில்லை.