மந்திரி கட்சிக்கு எதிராக மூன்று ஓட்டு

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் நான் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தபோது, எங்கள் முதலாளி மந்திரி கட்சியின் ஊர்க் கிளைக்குத் தலைவர். நான் அதற்குக் காரியதரிசி. அப்போது, வெள்ளைக்காரன் ஆட்சியில், சென்னைச் சட்டசபையில் மந்திரிகள் எந்தக் கட்சியோ அதைத்தான் எங்கள் பக்கத்தில் மந்திரி கட்சி என்று சொல்வோம். காரியதரிசி என்றால் பெரிய பதவி என்று யாரும் எண்ண வேண்டாம். கூட்டத்துக்கு நோட்டீஸ் எழுதுவேன். சென்னையிலிருந்து வருகிற பிரமுகரை ரயிலடியில் மாலையோடு எதிர்கொள்வேன். அவர் ஒரு மணி நேரம் பேசியதைப் பத்து வரியாக்கிப் பத்திரிகைக்கு அனுப்புவேன். முதலாளி சொன்னார், செய்தேன். கட்சியைப் பற்றி எனக்கென்று தனியாக ஓர் அபிப்பிராயம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

எங்கள் தொகுதியின் சட்டசபை மெம்பர் வேலூரில் வக்கீல். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் கனமானது. அவரை ஜெயிக்க வைத்ததே எங்கள் கட்சிதான். தேர்தல் அன்றைக்கு எங்கள் முதலாளியின் குதிரை வண்டிகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டர்களை ஏற்றி இறக்கின. ஜெயித்து இரண்டு வருஷம் வக்கீல் சத்தமில்லாமல் இருந்தார். அதன் பிறகு அவர் பேச்சு மாறியது. முதலில் சபைக்குள் மந்திரிகளைக் கேள்வி கேட்டார். பிறகு பள்ளிகொண்டாவில் ஒரு கூட்டம், குடியாத்தத்தில் ஒரு கூட்டம் என்று மேடை போட்டே கேட்க ஆரம்பித்தார்.

அடுத்த தேர்தல் நெருங்கியது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"குமாஸ்தா, அந்த வக்கீல் ஊர் ஊரா போய் ஜனங்களுக்காக சண்ட போடறேன்னு சொல்லிக்கினு இருக்காராம். நம்மாள ஜெயிச்சிட்டு நம்ம மேலயே பாயறாரு. சபையில யார் எந்தப் பக்கம் ஓட்டு போட்டாங்கன்னு அச்சடிச்சி வைப்பாங்க இல்ல?"

"வைப்பாங்க முதலாளி. வேலூர் வாசகசாலையில அந்தப் புஸ்தகம் எல்லாம் இருக்கு."

"அப்ப நீ போய் மொத்தமும் பாரு. நமக்கு எதிரா எத்தன வாட்டி போட்டாருன்னு எழுதிக்கினு வா. ஆம்பூர் மீட்டிங்ல படி. ஜனங்களே தெரிஞ்சிக்கட்டும்."

எங்கள் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அதனால் தொடர்ந்து நாலு வெள்ளிக்கிழமை காட்பாடி வரை ரயிலிலும் அங்கிருந்து ஜட்காவிலுமாக வேலூர் போனேன். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "வாரத்துல ஒரு நாள் வீட்டுல இருக்கற. அதையும் இன்னா அப்படி ஒரு புஸ்தகம்?" என்று கேட்டாள். கட்சி வேலை என்றேன். "கட்சி வேலையா, முதலாளி வேலையா?" என்றாள். இரண்டும் எனக்கு அப்போது ஒன்றுதான்.

சட்டசபை நடவடிக்கைப் புத்தகங்கள் ஒவ்வொன்றும் கருங்கல் மாதிரி கனம். எல்லாம் இங்கிலீஷ். மிஷன் பள்ளிக்கூடத்தில் மெட்ரிகுலேஷன் வரை படித்தது அங்கே உதவியது. ஒவ்வோர் ஓட்டெடுப்பின் முடிவிலும் மூன்று பட்டியல் இருக்கும். ஆம் என்றவர்கள், இல்லை என்றவர்கள், எந்தப் பக்கமும் போகாமல் நடுநிலை என்று சொன்னவர்கள். வக்கீலின் பெயரைத் தேடி விரலை வரி வரியாக ஓட்டிக்கொண்டு போவேன். முதலாளி சொன்னதை வைத்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் துரோகம் இருக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை. முக்கால்வாசி நாள் அவரும் மற்றவர்களோடு மந்திரிகள் பக்கமே நின்றிருந்தார். எதிராகப் போட்டது மூன்றே ஓட்டு. அவற்றுக்கு முன்னால் ஒரு தடவை நடுநிலை.

முதல் ஓட்டு, தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் உள்ள சாராயக் கடைகளை மூட வேண்டும் என்று எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கொண்டுவந்த தீர்மானத்துக்கு. இரண்டாவது, ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஜில்லா போர்டுத் தலைவரை மந்திரி நினைத்தால் நீக்கலாம் என்ற மசோதாவுக்கு எதிராக. மூன்றாவது அவரே கொண்டுவந்தது. அரசாங்கம் கேட்கிற தொகையில் அடையாளத்துக்குக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி, அந்தச் சாக்கில் ஒரு குறையை எடுத்துப் பேசுவது சபையில் வழக்கம். அவர் பேசியிருந்த குறை, தோல் ஷாப்புகளை ஒட்டிய சேரிகளின் குடிதண்ணீர்.

அந்தப் பேச்சு ஒன்றரைப் பக்கம் இருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது பத்தியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழிகளுக்குக் கீழ்ப்பக்கம் முப்பதடி தூரத்தில் கிணறு, அதில் கயிறு ஓடுகிற சகடையில் ஒரு பக்கம் உடைந்திருக்கும், குடத்தில் எடுத்து வைத்த தண்ணீர் மறுநாள் மேலே ஆடை கட்டும் என்று எழுதியிருந்தது. அது எங்கள் ஷாப்புக்குப் பின்னால் இருக்கிற சேரிக் கிணறு. உடைந்த சகடையை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வக்கீல் எப்போது வந்து பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. "நான் அதை ஒரு டம்ளர் குடித்தேன். இந்தச் சபையில் உள்ள கனவான்கள் யாரும் இரண்டாவது டம்ளர் கேட்க மாட்டார்கள்" என்று பேசியிருந்தார். விஷயம் பரிசீலனையில் இருப்பதாக மந்திரி பதில் சொல்லியிருந்தார். தீர்மானம் தோற்றுப்போனது.

புத்தகத்தை மூடினேன். அந்தச் சேரி ஆண்களும் பெண்களும் எங்கள் ஷாப்பில்தான் வேலை செய்தார்கள். அவர்கள் ஒவ்வொருவர் பெயரும் எனக்குத் தெரியும். அவர்கள் என்ன தண்ணீர் குடிக்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. எங்கள் தெருக் கிணறு நல்ல தண்ணீர்.

இரண்டு தாள் எழுதினேன். ஒன்றில் முதலாளி கேட்டபடி, எந்த வருஷம், எந்த மாதம், கட்சிக்கு எதிராக என்று மட்டும். இன்னொன்றில் எதைப் பற்றிய ஓட்டு என்பதும், அந்தத் தண்ணீர்ப் பேச்சின் தமிழும் இருந்தன. இரண்டாவது தாளை ஏன் எழுதினேன் என்று கேட்டால், குமாஸ்தா புத்தி என்றுதான் சொல்ல வேண்டும். பாதி எழுதிய காகிதத்தை என்னால் கையில் வைத்திருக்க முடியாது.

கூட்டம் சந்தை மைதானத்தில், சாயங்காலம் நாலு மணிக்கு. நல்ல ஜனம். ஷாப்புகளில் அன்றைக்குச் சீக்கிரம் வேலை விட்டிருந்தார்கள். குடியாத்தத்திலிருந்து நெசவுக்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். யாரும் கூப்பிடாமலே வக்கீலும் வந்து, முன்னால் தரையில் ஜனங்களோடு உட்கார்ந்திருந்தார். முதலாளிக்கு அது பேஜாராக இருந்தது. ஆனால் வந்தவரைப் போகச் சொல்கிறவர் இல்லை அவர். மேலே வந்து உட்காரும்படி ஆள் அனுப்பினார். "இங்கயே நல்லா கேக்குது" என்று வக்கீல் சொல்லியனுப்பினார்.

நான் எழுந்து முதல் தாளைப் படித்தேன். கட்சிக்கு எதிராக, கட்சிக்கு எதிராக, கட்சிக்கு எதிராக. மேடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். வக்கீல் எழுந்து நின்றார்.

"குமாஸ்தா சொன்னது எல்லாம் நெஜம். மூணு தடவ எதிரா போட்டேன். எதுக்காகன்னும் படிச்சிடுங்க. புஸ்தகத்தப் பாத்த நீங்க எழுதாம இருந்திருக்க மாட்டீங்க."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இரண்டாவது தாள் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் படித்தேன். சாராயக் கடை என்றதும் பெண்கள் பக்கம் சலசலப்பு எழுந்தது. தண்ணீர் விஷயத்தையும் உடைந்த சகடை, அந்த ஒரு டம்ளர் வரைக்கும் படித்துவிட்டேன்.

எங்கள் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கிற பெண் ஒருத்தி எழுந்தாள். "ஏங்க, அந்தத் தண்ணிய குடிச்சது நீங்களா?" என்று வக்கீலைக் கேட்டாள்.

"நான்தாம்மா."

"வயித்துக்கு ஒண்ணும் ஆவலையா?"

"ரெண்டு நாள் கோர்ட்டுக்குப் போவல."

ஜனம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவர் ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தேன். ஆனால் தாளில் இன்னும் ஒரு வரி மிச்சம் இருந்தது. அதையும் படித்தேன். சீமைத் துணிக் கடைக்கு முன்னால் மறியல் செய்தவர்களைப் போலீஸ் அடித்ததைக் கண்டிக்கும் தீர்மானம். வக்கீல் நடுநிலை.

நெசவுக்காரர்கள் நடுவிலிருந்து ஒருவர் எழுந்தார். நாற்பது வயது இருக்கும். வலது கையை முழுதாக நீட்ட முடியாமல் மடக்கியே வைத்திருந்தார்.

"அன்னிக்கி அடி வாங்கனதுல நானும் ஒருத்தன். நடுநிலைன்னா இன்னா அர்த்தம்? பாதி அடிக்கலாம், பாதி அடிக்கக் கூடாதுன்னா?"

வக்கீல் சட்ட நுணுக்கம் ஏதாவது பேசித் தப்பித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். வக்கீலுக்கு அது கஷ்டமா?

"அர்த்தம் ஒண்ணும் இல்லீங்க" என்றார். "அன்னிக்கி பயந்துட்டேன். எதிரா போட்டா கட்சிய வுட்டு தள்ளிடுவாங்கன்னு பயம். கூட சேந்து போட மனசு வரல. அதான் நடுவுல ஒக்காந்தேன். அப்புறம் அந்த வெக்கம் இல்லன்னா மத்த மூணையும் போட்டிருப்பேனான்னு தெரியல. உங்க கைக்கு அது சமாதானம் ஆவாது."

நெசவுக்காரர் உட்கார்ந்தார். கை தட்ட யாருக்கும் தோன்றவில்லை. முதலாளி எழுந்து நன்றி கூறிக் கூட்டத்தை முடித்தார்.

திரும்பும்போது வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டார். என் வேலை போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

"நீ பொய் படிக்கல" என்றார் பாதி வழியில். "ஆனா நான் சொன்னதுக்கு மேல ஜாஸ்தி படிச்சிட்ட. ஊர் முன்னால அந்தக் கெணறு நம்ம ஷாப்பு கெணறுன்னு ஆயிடுச்சி. இனிமே நான் அந்தப் பக்கமா எப்படி நடப்பேன், சொல்லு?"

"காரியதரிசி வேலைய வுட்டுடறேன் முதலாளி."

"அத வுட்டுடு. ஷாப்பு வேலைய பாரு. காலையில நேரத்தோட வா."

தேர்தலில் கட்சியில்லாமல் நின்ற வக்கீல் தோற்றார். மைதானத்தில் சிரித்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட ஓட்டு இல்லை. வரி கட்டுகிறவர்களுக்கும் நிலம் உள்ளவர்களுக்கும்தான் அப்போது ஓட்டு. பட்டை இடிக்கிறவளுக்கு இல்லை. கை மடங்கிய நெசவுக்காரருக்கு இருந்ததா என்று தெரியாது. எனக்கு இருந்தது. நகரசபைப் பள்ளிக்கூடத்தில் சாக்குத் திரைக்குப் பின்னால் தனியாக நின்றேன். யாரும் பார்க்கவில்லை, யாருக்கும் தெரியப்போவதில்லை. வக்கீலின் பெயரை ஒரு முறை படித்தேன். பிறகு முதலாளி நிறுத்திய ஆளுக்கே குறி போட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி, "யாருக்குப் போட்ட?" என்றாள். ரகசியம் என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சோறு போடப் போனாள்.

அந்தக் கோடையில் முதலாளி பாலாற்று மணலுக்குப் பக்கத்தில் சேரிக்கென்று ஒரு கிணறு வெட்டப் பணம் கொடுத்தார். யாருக்கும் சொல்லவில்லை, பெயர்ப் பலகை வைக்கவில்லை. தண்ணீர் இனிப்பாக இருந்தது. தூரம்தான் ஜாஸ்தி. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் பெண்கள் பழைய கிணற்றுக்கே வருவார்கள். அங்கே போர்டோ அரசாங்கமோ ஒன்றும் செய்யவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஜோலார்பேட்டை ஜங்ஷனில் வக்கீலைப் பார்த்தேன். நான் சேலம் போகிற வண்டிக்காக நின்றிருந்தேன். அவர் பெங்களூர் போகிறார். கையில் ஒரு வழக்குக் கட்டு. என்னை அடையாளம் கண்டு அவரே பக்கத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். புதுக் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். "அப்படியா!" என்று சந்தோஷப்பட்டார். எவ்வளவு ஆழம், ஆற்றிலிருந்து எத்தனை தூரம் என்று கேட்டார். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"உங்களுக்கு நான் ஓட்டு போடலீங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "முதலாளி சொன்னாரா?"

"இல்லீங்க. அவரு கேக்கக்கூட இல்ல. பயமும் இல்ல. கை தானா அங்க போச்சி."

"யாரும் பாக்காத ஓட்டு. எங்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"உங்க ஓட்ட ஊர் முன்னால படிச்சவன் நான். என்னுது ஒருத்தருக்காவது தெரியட்டுமேன்னுதான்."

கோபம் இருந்ததா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. "நீங்க அன்னிக்கி அந்தக் கடைசி வரிய படிச்சப்ப எனக்கு உங்க மேல பயங்கர கோவம்" என்றார். "அப்புறம் குடியாத்தத்துல அந்த நெசவுக்காரர் வூட்டுக்குப் போனேன். ரெண்டு தடவ கதவத் தெறக்கல. மூணாவது தடவ ஒக்காரச் சொன்னாரு. இப்ப அவரு புள்ளையோட கேஸ் ஒண்ணு நான்தான் பாக்கறேன்."

பெங்களூர் வண்டி வந்தது. வழக்குக் கட்டை நான் தூக்கிக் கொடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தான் இனிமேல் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றும், கோர்ட்டு வேலையே போதும் என்றும் சொன்னார். வண்டி நகர்ந்த பிறகு நான் காப்பிக் கடைக்குப் போய் ஒரு காப்பி வாங்கிக் குடித்தேன். சேலம் வண்டி வர இன்னும் நேரம் இருந்தது.